ஆசிரியர் என்று ஒருவர் இல்லை: ‘ஹெரெசீஸ்’ இதழை நடத்திய பெண்கள்

கேள்வி இது: ஒரு சமகாலக் கலை, வடிவமைப்பு இதழை ஆசிரியர் என்று ஒருவர் இல்லாமல் கூட்டாகவே நடத்த முடியுமா? அப்படி எங்காவது உருப்படியாக நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் அதன் பின்னால் இருந்தவர்கள் யார்?

நடந்திருக்கிறது. நியூயார்க்கில் 1977 ஜனவரியில் முதல் இதழ், 1993இல் கடைசி இதழ், மொத்தம் 27. பெயர் ‘ஹெரெசீஸ்’. கலையையும் அரசியலையும் பற்றிய பெண்ணிய வெளியீடு என்று பெயருக்குக் கீழேயே போட்டுக்கொண்டார்கள். ஏற்கப்பட்ட சமயத்துக்கு மாறான கொள்கையைக் குறிக்கும் சொல் அது. நம் பழைய சமய நூல்கள் ‘புறச்சமயம்’ என்று தள்ளிவைக்குமே, கிட்டத்தட்ட அந்தப் பொருள்தான். ஆனால் அதன் கிரேக்க வேருக்குத் ‘தேர்ந்தெடுத்தல்’ என்றுதான் அர்த்தம். அவரவர் தேர்ந்தெடுத்தது எப்போது குற்றமானது என்பது தனிக் கதை.

பதிலுக்குள் போவதற்கு முன் ஒன்று. இந்த இதழைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புகழ்பெற்ற பத்துப் பெயர்களை அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பெயர்கள் முக்கியம்தான், நானும் சொல்லப்போகிறேன். ஆனால் இந்த இதழின் உண்மையான விஷயம் அந்தப் பத்துப் பேர் இல்லை. ஒவ்வொரு இதழுக்கும் ஆட்களை மாற்றிக்கொண்டே போன ஓர் ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டில் இருந்த ஓட்டையும் அதை அடைக்கப் பயன்பட்ட வழியும் ஒன்றேதான். அதைச் சொல்லாமல் ‘பின்னால் இருந்தவர்கள் யார்’ என்ற கேள்விக்குப் பதில் சொன்னதாகாது.

முதலில் அந்தக் காலம். 1969இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் நடத்திய ஆண்டுக் காட்சியில் இடம்பெற்ற கலைஞர்கள் நூற்று நாற்பதுக்கும் மேல். அதில் பெண்கள் எட்டே பேர். மறு ஆண்டு கலை விமர்சகர் லூசி லிப்பார்ட், ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்டு, இன்னும் சிலர் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். கோரிக்கை எளிமையானது: பாதிக்குப் பாதி. மனு எழுதினார்கள், மறியல் செய்தார்கள். அதோடு ‘50%’ என்று எழுதிய முட்டைகளை, சிலது பச்சை, சிலது அவித்தது, அருங்காட்சியகத்தின் மூலை முடுக்குகளில் வைத்துவிட்டு வந்தார்கள். எது பச்சை, எது அவித்தது என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். காவலர்கள் பாடு திண்டாட்டம். அந்த ஆண்டுக் காட்சியில் பெண்களின் பங்கு ஐந்தில் ஒன்று அளவுக்கு ஏறியது.

1972இல் நியூயார்க்கின் சோஹோ பகுதியின் வூஸ்டர் தெருவில் ‘ஏ.ஐ.ஆர்.’ காலரி திறந்தது. இருபது பெண்கள் சேர்ந்து, தாங்களே சுவரைச் சுரண்டி வெள்ளையடித்து நடத்திய கூட்டுறவுக் காலரி. அமெரிக்காவில் பெண்களே நடத்திய அப்படிப்பட்ட காலரிகளில் அதுதான் முதல். ஆக, தொங்கவிடச் சுவர் கிடைத்துவிட்டது. எழுத இடம் கிடைக்கவில்லை. படத்தை மாட்டிவிடலாம், ஆனால் அதைப் பற்றி என்ன சொல்வது, எந்தச் சொல்லில் சொல்வது என்பதை அன்றைய பெரிய கலைப் பத்திரிகைகள்தான் தீர்மானித்தன. இந்த இடைவெளியில்தான் 1975 வாக்கில் சில பெண்கள் ஒருவர் வீட்டு மாடியில் ஒருவர் என்று கூட ஆரம்பித்தார்கள். மாடி என்றால் நம் வீட்டு மாடி இல்லை. தொழிற்சாலைகள் காலிசெய்துவிட்டுப் போன கட்டடங்களின் பெரிய கூடங்கள். கலைஞர்கள் அங்கேயே குடியிருந்து அங்கேயே வேலையும் செய்தார்கள்.

யார் யார்? தொடக்கக் குழுவில் சுமார் இருபது பேர். லூசி லிப்பார்ட்டை முன்பே சொன்னேன். பொருளைவிட யோசனையையே கலையாகக் கொள்ளும் கருத்துருக் கலையைப் பற்றி 1973இல் அவர் தொகுத்த புத்தகம் அந்தத் துறையில் இன்றும் கைநூல். கலைஞர்கள் செய்யும் புத்தகங்களை விற்பதற்காக 1976இல் தொடங்கிய ‘பிரின்டட் மேட்டர்’ கடையின் நிறுவனர்களிலும் ஒருவர். மிரியம் ஷபீரோ, டொரன்டோவில் பிறந்தவர். 1972இல் லாஸ் ஏஞ்சலஸில் கலைஞர் ஜூடி சிகாகோவோடு சேர்ந்து மாணவிகளை வைத்து ஒரு பாழடைந்த வீட்டை முழுக்கக் கலைப்படைப்பாக மாற்றியவர். ஹார்மனி ஹேமண்டு, ஏ.ஐ.ஆர். தொடங்கியவர்களில் ஒருவர், குப்பையில் கிடந்த துணிகளைப் பின்னித் தரைவிரிப்பு போலச் சுருட்டி, மேலே வண்ணம் பூசித் தரையில் போட்டு, இது ஓவியமா மிதியடியா என்று கேட்கவைத்தவர். ஜாய்ஸ் கோஸ்லாஃப், அலங்கார வடிவங்களை ஓவியத்துக்குள் கொண்டுவந்தவர். நிலத்தில் குழி வெட்டியும் மரச் சட்டம் கட்டியும் வேலை செய்த மேரி மிஸ். அர்ஜென்டினாவிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் சுசானா டோரே. ஓவியர்கள் பாட் ஸ்டீர், ஜோன் ஸ்னைடர், மே ஸ்டீவன்ஸ். பிறகு மேரி பெத் எடல்சன், மிஷெல் ஸ்டூவர்ட், எலிசபெத் ஹெஸ், ஜோன் பிரேடர்மன், இன்னும் பலர்.

வயதைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். முதல் இதழ் வரும்போது ஷபீரோவுக்கு 53 வயது, மே ஸ்டீவன்ஸுக்கு 52. ஒரு வாழ்நாள் முழுக்க ஆண் ஓவியர்களின் நிழலில் நின்று பார்த்துவிட்டு வந்தவர்கள். அதே ஆண்டு மூன்றாம் இதழின் குழுவில் இருந்த ஏமி சில்மன் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். இன்று அவர் அமெரிக்காவின் முக்கியமான ஓவியர்களில் ஒருவர். அம்மா வயதும் மகள் வயதும் ஒரே மேசையில்.

இந்தக் கூட்டத்தின் ஒரு குழுப்படம் வேண்டுமென்றால் மே ஸ்டீவன்ஸ் 1977–78இல் வரைந்த ‘சோஹோ பெண் கலைஞர்கள்’ ஓவியத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட 12 அடி அகலம். பழைய ஐரோப்பிய வரலாற்று ஓவியங்களில் தளபதிகளும் மந்திரிகளும் நிற்கும் அளவு அது. அந்த அளவில் லிப்பார்ட், ஷபீரோ, கோஸ்லாஃப், ஹேமண்டு எல்லோரும் நிற்கிறார்கள். சிற்பி லூயீஸ் பூர்ஷ்வா தானே செய்த, உடம்பெங்கும் முலைகள் புடைத்த ரப்பர் அங்கியோடு நிற்கிறார். எனக்கு அதில் பிடித்தது வேறு. கலைஞர்களுக்கு நடுவில் அந்தப் பேட்டையின் பேக்கரிக்கார அம்மாவும், பக்கத்து இத்தாலியக் குடியிருப்பின் இரண்டு ஆண்களும் இருக்கிறார்கள். தெருவைச் சேர்க்காமல் குழுவை வரைய ஸ்டீவன்ஸுக்கு மனம் வரவில்லை.

சரி, இத்தனை பேர் எப்படி ஓர் இதழை நடத்தினார்கள்?

ஏற்பாடு இரண்டு அடுக்கு. மேலே ஒரு நிலையான குழு. அதை அவர்களே ‘தாய்க்குழு’ என்று அழைத்தார்கள். பணம், அச்சு, விநியோகம், அடுத்து என்ன பொருள் என்பதெல்லாம் அவர்கள் பொறுப்பு. கீழே, ஒவ்வொரு இதழுக்கும் ஒரு தனி ஆசிரியர் குழு. ஒவ்வொரு இதழும் ஒரே பொருளைப் பற்றியது. அந்தப் பொருளில் ஆர்வம் உள்ள தாய்க்குழுப் பெண்கள் சிலரும், வெளியிலிருந்து வந்து சேரும் பெண்களும் கூடி அந்த இதழை முழுக்கச் செய்வார்கள். கட்டுரை தேர்வதும் அவர்கள், திருத்துவதும் அவர்கள், பக்கம் ஒட்டுவதும் அவர்கள். இதழ் வெளிவந்ததும் அந்தக் குழு கலைந்துவிடும். பிறகு ஒரு திறந்த கூட்டம் வைத்து வாசகர்களையும் அழைத்து இதழை அலசுவார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போய்த் திட்டிவிட்டு வந்தவர் அடுத்த இதழின் குழுவில் உட்காரலாம்.

பெயர்கள் அகர வரிசையில் போடப்பட்டன. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நண்பர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சிற்றிதழில் நான் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது இதழில் யார் பெயர் மேலே வருவது என்று சண்டை வந்தது. நாலாவது இதழ் வரவே இல்லை. டீக்கடையில் இரண்டு மணி நேரம் நடந்த அந்த வாக்குவாதத்தை ‘அ, ஆ வரிசையில் போட்டுவிடுவோம்’ என்ற ஒரே வாக்கியத்தில் முடித்திருக்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

முடிவுகள் வாக்கெடுப்பில் இல்லை. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வரை பேசுவதுதான் வழி. கேட்க அழகாக இருக்கும். நடைமுறையில், தூக்கம் வராதவர் ஜெயிப்பார். ஒரு கட்டுரையைச் சேர்ப்பதா விடுவதா என்று ஒரு ராத்திரி முழுக்கப் பேசுவதற்கு எல்லோராலும் முடியாது. குழந்தையை விட்டுவிட்டு வந்தவர், மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர் முதலில் எழுந்து போவார். கூட்டாக நடத்தும் எந்த முயற்சியிலும் அதிகாரம் மறைந்துவிடுவதில்லை, நேரம் இருப்பவரிடம் போய்ச் சேர்கிறது. இதை அவர்கள் உணராமல் இல்லை. 1979இல் வந்த ஏழாம் இதழின் பொருளே ‘பெண்கள் சேர்ந்து வேலை செய்வது’ என்பதுதான்.

கை வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வடிவமைப்பைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கணினி வராத காலம். எழுத்துக் கோத்து, புகைப்படத் தாளில் நீளநீளப் பத்திகளாக வரும். அதைக் கத்தியால் வெட்டி, பின்பக்கம் மெழுகு தடவி, கட்டம் போட்ட அட்டையில் ஒட்ட வேண்டும். கோடு போட வெளிர்நீலப் பென்சில், ஏனென்றால் அச்சுக்கூடத்துக் கேமராவுக்கு அந்த நீலம் தெரியாது. ஒரு சொல் தப்பாகிவிட்டால் அந்தச் சொல்லை மட்டும் நகக்கண் அளவுக்கு வெட்டி மேலே ஒட்டுவார்கள். நாங்கள் புரோமைடையும் ரப்பர் சொல்யூஷனையும் வைத்துச் செய்த அதே வேலைதான். குனிந்து குனிந்து கழுத்து போகும். இதைச் சம்பளம் இல்லாமல், நூறு பக்கத்தைச் சுற்றி வரும் ஓர் இதழுக்கு, எழுதியவர்களே உட்கார்ந்து செய்தார்கள்.

இதில் ஒரு நன்மை இருந்தது. எழுதத் தெரிந்தவர் ஒட்டக் கற்றுக்கொண்டார், ஒட்டத் தெரிந்தவர் கட்டுரை தேர்வில் வாய் திறந்தார். ஜேனட் ஃப்ரோலிக் இந்தக் குழுவில் வேலை செய்தவர்; பின்னாளில் ‘நியூயார்க் டைம்ஸ்’ ஞாயிறு இதழின் கலை இயக்குநரானார். சூ ஃப்ரீட்ரிக் சுயாதீனத் திரைப்பட இயக்குநராக அறியப்பட்டவர். இதழ் ஒரு பள்ளிக்கூடமாகவும் நடந்தது என்பதை இவர்கள் போன இடங்களை வைத்தே சொல்லலாம்.

இதழ்களுக்குள் என்ன இருந்தது என்பதற்கு மூன்றைச் சொல்கிறேன். முதல் இதழில் மே ஸ்டீவன்ஸ் செய்த ஒட்டுப்படங்கள் வந்தன. ஒரு பக்கம் 1919இல் கொல்லப்பட்ட புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க். இன்னொரு பக்கம் ஸ்டீவன்ஸின் அம்மா ஆலிஸ்: துவைத்து, இஸ்திரி போட்டு, பிள்ளை வளர்த்து, பிறகு மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பேச்சு அடங்கிப்போனவர். உலகமே கேட்கப் பேசிய ஒருத்தியையும் பேச்சே போய்விட்ட ஒருத்தியையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு ஸ்டீவன்ஸ் ஒன்றும் விளக்கவில்லை. இதை அவர் பிறகு பல ஆண்டுகள் பெரிய ஓவியங்களாகத் தொடர்ந்தார். அவருடைய வாழ்நாள் வேலையின் விதை இந்த மலிவுத் தாளில்தான் விழுந்தது.

நாலாவது இதழ், 1978இன் தொடக்கத்தில் வந்தது. பொருள், பெண்களின் மரபுக் கலைகள். மெத்தை தைப்பது, பின்னுவது, பூ வேலை, படம் ஒட்டிய குடும்ப ஆல்பம் இதெல்லாம் ‘கைவேலை’, ‘கலை’ அல்ல என்று யார் பிரித்தது என்ற கேள்வி. அதில் ஷபீரோவும் மெலிசா மேயரும் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. ஒட்டுச்சித்திரம் (கொலாஜ்) இருபதாம் நூற்றாண்டில் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் கண்டுபிடித்தது என்று கலை வரலாறு சொல்கிறது. அதற்கு முன்பே தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் துணித்துண்டையும் தாள்துண்டையும் சேர்த்து வைத்துச் செய்ததற்கு என்ன பெயர் என்று கேட்டு, ‘ஃபெமாஜ்’ என்று புதுப்பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததோடு விடவில்லை. பதினான்கு அடையாளங்கள் பட்டியல் போட்டார்கள்: செய்தது பெண்ணாக இருக்க வேண்டும், சேமித்து வைப்பது அதில் முக்கியம், துண்டு துணுக்குகள் மறுபடி பயன்பட வேண்டும், நெருங்கியவர்களுக்காகச் செய்ததாக இருக்க வேண்டும், அழகுக்கு மட்டுமல்லாமல் புழக்கத்துக்கும் ஆக வேண்டும்… இப்படி. பாதியாவது பொருந்தினால் போதும் என்று தாராளமும் காட்டினார்கள். எதையும் வீசாமல் பழைய சேலைக் கரையைக்கூட மடித்து வைக்கும் பாட்டியைப் பார்த்த யாருக்கும் இந்தப் பட்டியல் அந்நியமாகத் தெரியாது.

அதே இதழில் ஜாய்ஸ் கோஸ்லாஃபும் வேலரி ஜோடனும் வேறொரு வேலை செய்தார்கள். கலை வரலாற்றின் பெரியவர்கள், உதாரணமாக அலங்காரத்தைக் குற்றத்தோடு சேர்த்துப் பேசிய ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லூஸ், அலங்காரத்தையும் பெண்களையும் கீழை நாடுகளையும் ஒரே மூச்சில் மட்டம்தட்டிய வாக்கியங்களைத் தேடித் தேடி எடுத்து வரிசையாக வைத்தார்கள். அவரவர் வாக்கியமே அவரவருக்கு எதிர்சாட்சி. சண்டைக்கட்டுரைகளில் இவ்வளவு குறைவாக உழைத்து இவ்வளவு பலமாக அடித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

வடிவமைப்பில் ஆர்வமுள்ளவர்கள் 1981இல் வந்த பதினோராம் இதழுக்குப் போகலாம். பெண்களும் கட்டடக் கலையும் அதன் பொருள். சுசானா டோரே இருந்த குழு செய்தது. லெஸ்லி கேன்ஸ் வைஸ்மன் எழுதிய, பெண்களின் சூழல் உரிமைகள் பற்றிய அறிக்கை அதில்தான் வந்தது. ஒரு நகரத்தைக் கட்டும்போது யாருடைய நாளை மனதில் வைத்துக் கட்டுகிறார்கள், குழந்தை வண்டியோடு வருகிறவளுக்குப் பேருந்தும் கதவும் எப்படி இருக்கின்றன என்பது மாதிரிக் கேள்விகள்.

அப்புறம் அந்த ஓட்டை.

தாய்க்குழுவில் இருந்தவர்கள் வெள்ளைப் பெண்கள். அவர்கள் இடதுசாரிகள், போர் எதிர்ப்பாளர்கள், இனவெறிக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள், எல்லாம் சரி. ஆனால் கூட்டம் நடந்தது சோஹோவின் கூடங்களில். அழைக்கப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் ஏற்கெனவே தெரிந்தவர்கள். அகர வரிசையில் பெயர் போட்டாலும், அந்த வரிசைக்குள் யார் வந்தார்கள் என்பதை நட்புதான் தீர்மானித்தது. கூட்டாக இயங்கும் குழுக்களுக்கு வழக்கமாக வரும் நோய் இது, அமெரிக்காவுக்கு மட்டும் உரியது அல்ல.

1977இல் வந்த மூன்றாம் இதழ் தன்பால் விழையும் பெண் கலைஞர்களைப் பற்றியது. துணிச்சலான இதழ். ஆனால் அதைச் செய்த குழு முழுக்க வெள்ளைப் பெண்கள். பாஸ்டனில் இருந்த கறுப்புப் பெண்ணியர்களின் குழுவான ‘காம்பஹீ ரிவர் கலெக்டிவ்’ கடுமையாக ஒரு கடிதம் எழுதியது. பெண்ணிய வரலாற்றில் இன்றும் பாடமாக இருக்கும் அறிக்கையை அதே 1977இல் எழுதியவர்கள் அவர்கள். கறுப்பு, மூன்றாம் உலகப் பெண்கள் இல்லாமல் ஒரு தன்பால் விழையும் பெண்கள் இதழை எப்படிச் செய்தீர்கள் என்பதுதான் சாரம். கடிதத்தைக் கிடப்பில் போடாமல் அடுத்த இதழில் அச்சிட்டார்கள்.

அச்சிடுவது எளிது. அடுத்து என்ன? இங்கேதான் அந்த இரண்டடுக்கு ஏற்பாடு கைகொடுத்தது. ஓர் இதழை முழுசாக வேறு பெண்களிடம் கொடுக்க முடியும். ஆசிரியர் என்று ஒருவர் நாற்காலியில் இருந்திருந்தால் ‘சிறப்புப் பகுதி’ ஒன்று ஒதுக்கி முடித்திருப்பார். 1979இல் எட்டாம் இதழ், ‘மூன்றாம் உலகப் பெண்கள்’ என்ற பொருளில், லூலா மே பிளாக்டன், இவோன் ஃபிளவர்ஸ், வேலரி ஹாரிஸ், ஜரீனா ஹாஷ்மி, வர்ஜீனியா ஹராமியோ, டான் ரஸல், நயீமா ஷபாஸ் என்ற ஏழு பேர் கையில் போனது. கறுப்பர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், ஓர் இந்தியர்.

அந்த இந்தியரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஜரீனா 1937இல் அலிகாரில் பிறந்தவர். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். பாரிஸில் அச்சுக்கலைஞர் ஹேட்டரின் பட்டறையில் அச்சுக்கலை கற்றார். எழுபதுகளில் நியூயார்க் வந்து தங்கினார். வீடு, பிரிவினை, எல்லைக்கோடு இவற்றை மரச்செதுக்கு அச்சாகவும் கையால் செய்த தாளாகவும் ஆக்கியவர். தன் படைப்புகளில் உருது எழுத்தைச் சேர்த்தவர். 2011இல் வெனிஸ் ஈராண்டுக் காட்சியில் இந்தியா முதன்முதலாகத் தேசிய அரங்கு வைத்தபோது அதில் அவர் வேலைகள் இருந்தன. அந்தச் சமயத்தில் இங்கே பத்திரிகைகள் எழுதியதில் இந்த ஏழு பேர் குழுவைப் பற்றி நான் படித்த நினைவே இல்லை. தனிமையில் வேலை செய்த அமைதியான கலைஞர் என்ற படம்தான் நமக்குக் கொடுக்கப்பட்டது. அவரோ எட்டாம் இதழ் முடிந்த மறு ஆண்டே, 1980இல், கியூபாவிலிருந்து சிறுவயதில் அனுப்பிவைக்கப்பட்ட ஆனா மெந்தியேட்டா, ஜப்பானியரான கசுகோ மியாமோட்டோ இருவரோடும் சேர்ந்து ஏ.ஐ.ஆர். காலரியில் அமெரிக்காவின் மூன்றாம் உலகப் பெண் கலைஞர்களுக்கென ஒரு கண்காட்சியை அமைத்தார். பெண்ணியம் என்று பேசும் இடத்திலும் நாம் ஓரத்தில்தான் நிற்கிறோம் என்பதைச் சொல்ல வைத்த கண்காட்சி அது. கலைஞர் ஹவர்டெனா பிண்டெல், தான் கறுப்புப் பெண்ணாக வளர்ந்தபோது பட்டதைக் கேமராவைப் பார்த்து நிதானமாகச் சொல்லும் காணொளி அங்கே காட்டப்பட்டது. எட்டாம் இதழில் அறிமுகமான உறவுகளும் கோபமும் அப்படியே சுவருக்குப் போனது போல இருக்கும்.

எட்டாம் இதழோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஓர் இதழைக் கொடுப்பது வேறு, தாய்க்குழுவுக்குள் இடம் கொடுப்பது வேறு. 1982இல் பதினைந்தாம் இதழின் பொருளே இனவெறி. அதன் குழுவில் விவியன் பிரௌன், ஹாட்டி காஸெட் போன்ற கறுப்புப் பெண்களும், சிலியிலிருந்து வந்த கவிஞர், கலைஞர் செசிலியா விக்குன்யாவும், லிப்பார்ட், மே ஸ்டீவன்ஸ் போன்ற பழையவர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். சேர்ந்து உட்கார்வதற்கு ஐந்து ஆண்டு ஆகியிருக்கிறது. விக்குன்யாவுக்கு 2022இல் வெனிஸில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் கிடைத்தது. ஓவியர் எம்மா ஏமஸ் போன்றவர்களும் பிறகு குழுவுக்குள் வந்தார்கள்.

உள்ளுக்குள் கருத்துச் சண்டைகள் இல்லாமல் இல்லை. 1978இல் வந்த ஐந்தாம் இதழ் ‘மகா தேவி’யைப் பற்றியது. மேரி பெத் எடல்சன் 1977இல் அன்றைய யூகோஸ்லாவியாவின் ஹ்வார் தீவுக்குப் போய், புதிய கற்காலக் குகை ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்குள் தனியாக விளக்கேற்றிச் சடங்கு செய்து, படமெடுத்துக் கொண்டுவந்த பயணக் கட்டுரை அதில் உண்டு. அந்த இதழுக்குத் தேவை இருந்ததால் 1982இல் திருத்திய பதிப்பே போட்டார்கள். ஆனால் மார்க்சியப் பக்கம் நின்ற பெண்களுக்கு இந்தத் தேவி வழிபாடு தாங்கவில்லை: கூலியும் வாடகையும் பேச வேண்டிய இடத்தில் குகையும் விளக்குமா? அம்மன் கோயில்களுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு இந்தச் சண்டையில் ஒரு வேடிக்கை தெரிகிறது. தேவி இருக்கும் ஊரில் பெண்ணுக்கு மரியாதை தானாக வந்துவிடும் என்று எடல்சனிடம் யாராவது சொல்லியிருந்தால், ஒரு முறை இங்கே வந்து பாருங்கள் என்றிருப்பேன். ஆனாலும் அந்தக் கட்டுரை நன்றாக இருக்கிறது.

1981இன் பன்னிரண்டாம் இதழ் பாலுறவு பற்றியது. அமெரிக்கப் பெண்ணியத்தை எண்பதுகளில் இரண்டாகப் பிளந்த விவாதத்தின் முக்கிய ஆவணங்களில் ஒன்று. ஜோன் நெஸ்லே, ஆம்பர் ஹாலிபா, செர்ரி மொராகா போன்றவர்கள் அதில் எழுதினார்கள். ஆசை எது, அடக்குமுறை எது, ஆபாசப்படத்தைத் தடை கேட்பதா கூடாதா என்ற கேள்விகள் ஒரே அட்டைக்குள் வந்தன. கூட்டு ஆசிரியர் குழுவின் ஒரு பலன் இது.

பணம்? சந்தா, நன்கொடைக் கண்காட்சிகள், அரசுக் கலை நிதி. கடிதங்களுக்குக் கெனால் தெரு அஞ்சலகத்தில் ஒரு தபால் பெட்டி. ஆண்டுக்கு நான்கு என்று தொடங்கியது சீக்கிரமே ஆளுக்கும் காசுக்கும் தகுந்தபடி தள்ளித் தள்ளி வந்தது. பதினாறு ஆண்டில் 27 என்பதே கணக்கைச் சொல்லிவிடும். ஆரம்பித்தவர்கள் பலர் சில ஆண்டுகளில் தங்கள் ஓவியத்துக்குத் திரும்பினார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, கித்தானை விட்டுவிட்டு எத்தனை வருடம் மெழுகு தடவுவது. புதியவர்கள் வந்தார்கள். 1992இல் இருபத்தாறாம் இதழ் ரஷ்யப் பெண்களோடு இருமொழி இதழாக வந்தது. 1993இன் கடைசி இதழ் லத்தீனாக்களுடையது, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களுடையது. 1977இல் கூடத்தில் உட்கார்ந்திருந்த அந்த இருபது பேர் மட்டுமே தொடர்ந்திருந்தால் இந்த இரண்டும் வந்திருக்காது.

ஜோன் பிரேடர்மன் பிற்பாடு கேமராவைத் தூக்கிக்கொண்டு பழைய தோழிகளை ஒவ்வொருவராகத் தேடிப்போய்ப் பேசவைத்து, 2009இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். எல்லோரும் முதுமையில், அவரவர் பட்டறையில். எழுபது வயதில் ஏணி மேல் நிற்கும் பெண்களைப் பார்க்க வேண்டுமென்றால் அதைப் பாருங்கள்.

27 இதழ்களும் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எங்கே தொடங்குவது என்றால், நாலாம் இதழில் ஃபெமாஜ் கட்டுரை, பிறகு எட்டாம் இதழை முதல் பக்கத்திலிருந்து. வடிவமைப்பு மாணவர் என்றால் பதினொன்று. எதைத் திறந்தாலும் குழுவின் பெயர்கள் இருக்கும் பக்கத்தை முதலில் படியுங்கள். ஓர் இதழுக்கும் அடுத்ததற்கும் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போகலாம், நான் அப்படித்தான் படித்தேன். பன்னிரண்டாம் இதழை மட்டும் அலுவலகத்தில் திறக்க வேண்டாம்.